நீலக் கல்லின் கூண்டுக்குள்: லாசுரைட்டின் இயைபும் அகச்சிவப்பு நிறமாலையியலும்

முன்னுரை

ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில், பதக்‌ஷான் மாகாணத்தின் கோக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில், சாரே சங் என்னும் இடத்தில் 6000 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நீலக் கல் வெட்டி எடுக்கப்பட்டு வருகிறது. லேபிஸ் லசூலி என்று உலகம் அறிந்த கல் அது. மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் அது கிடைத்திருக்கிறது. சிந்துவெளி மக்கள் ஆமூ தரியா ஆற்றுக்கு அருகே ஷோர்துகாயில் ஒரு குடியிருப்பு அமைத்ததற்கு இக்கல்லின் வணிகமே முக்கியக் காரணம் என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இச்சுரங்கங்களைக் குறிப்பிட்டார். இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் இதை அரைத்து எடுத்த அல்ட்ராமரைன் நிறமி, பொன்னோடு ஒப்பிடத்தக்க விலைக்கு விற்றது. லேபிஸ் லசூலி ஒரு தனிக் கனிமம் அன்று. வெண்ணிறக் கால்சைட், பொன்போல மின்னும் பைரைட், டையாப்சைடு முதலியன கலந்த பாறை அது. அதற்கு நீலம் தருவது லாசுரைட் என்னும் சிலிக்கேட் கனிமம்.

இக்கனிமத்தைப் பற்றி வேதியியல் மூன்று கேள்விகளைக் கேட்டது. இதில் என்னென்ன இருக்கின்றன? இது ஏன் நீலமாக இருக்கிறது? இது எங்கே, எந்தச் சூழலில் உருவானது? முதல் கேள்விக்கு 1806-லேயே பெருமளவு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவதற்கான விடை இந்த நூற்றாண்டில்தான் துலங்கத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கால இடைவெளிக்கு அளவீட்டுக் குறைபாடு முதன்மைக் காரணம் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பொருளில் எந்தத் தனிமம் எத்தனை விழுக்காடு என்று அறிவது வேறு. அது எந்த வடிவில், படிகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிவது வேறு. லாசுரைட்டின் வரலாறு முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்த வரலாறு. அந்த நகர்வில் அகச்சிவப்பு நிறமாலையியலின் உண்மையான பங்கு நீலத்தை விளக்கியது அன்று. நீலத்தோடு சேர்ந்து அடைபட்டுக் கிடக்கும் நிறமற்ற மூலக்கூறுகளைக் காட்டிக் கொடுத்ததே அதன் பங்கு.

செம்பிலிருந்து கந்தகத்துக்கு

நீல நிறம் கண்டால் செம்பு இருக்கும் என்று எண்ணுவது பழைய வேதியியலாளருக்கு இயல்பு. அசுரைட் போன்ற நீலக் கனிமங்கள் செம்பின் சேர்மங்களே. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் பணியாற்றிய ஆந்திரேயாஸ் மார்கிராஃப், லேபிஸ் லசூலியைச் சோதித்து அதில் செம்பு இல்லை என்று காட்டினார். நிறத்துக்கு இரும்புதான் காரணம் என்ற கருத்து அதன் பின்னும் நீடித்தது. பாறையில் இரும்பு இருப்பதும் உண்மை. ஆனால் அது பைரைட்டில் இருக்கும் இரும்பு. முழுப் பாறையையும் பொடித்துச் சோதித்தால், நீலத்துக்குத் தொடர்பில்லாத பொருள்களும் கணக்கில் ஏறிவிடும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஓவியர்களின் பழைய கைவினை உதவியது. சென்னினோ சென்னினி 1400-ஐ ஒட்டி எழுதிய கையேட்டில் அம்முறை விரிவாக உள்ளது. அரைத்த கல்லைப் பைன் மரப் பிசின், மஸ்திக் பிசின், மெழுகு ஆகியவற்றோடு சேர்த்து மாவுபோலப் பிசைந்து, சில நாள் வைத்திருந்து, பிறகு மரச் சாம்பலிலிருந்து எடுத்த காரநீருக்குள் குச்சிகளால் அழுத்தி அழுத்திப் பிழிய வேண்டும். நீலத் துகள்கள் பிசினை விட்டு நழுவிக் காரநீரின் அடியில் படியும். கால்சைட்டும் பிறவும் பிசினோடு ஒட்டிக் கிடக்கும். முதல் பிழிவில் வருவது ஆழ்ந்த நீலம். கடைசிப் பிழிவில் வருவது வெளிறிய சாம்பல் நீலம். இப்படித் தூய்மைப்படுத்திய நிறமியைத்தான் 1806-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கிளெமானும் தெசோர்மும் பகுத்தாய்ந்தனர். சிலிக்கா 35.8, அலுமினா 34.8, சோடா 23.2, கந்தகம் 3.1, சுண்ணாம்புக் கார்பனேட் 3.1 விழுக்காடு என்று அவர்கள் பட்டியலிட்டனர். அதில் செம்பும் இல்லை, இரும்பும் இல்லை. நிறம் தரும் உலோகம் ஒன்றுகூட இல்லாத பட்டியல் அது. சிலிக்காவும் அலுமினாவும் சோடாவும் வெண்மையானவை, கந்தகம் மஞ்சள். இவை கூடி நீலம் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கு அப்பட்டியலில் விடை இல்லை.

உலை முந்தியது, விளக்கம் பிந்தியது

1787-இல் இத்தாலியில் பயணம் செய்த ஜெர்மன் கவிஞர் கதே, பலெர்மோ அருகே சுண்ணாம்புக் காளவாய்களில் நீலப் படிவுகளைக் கண்டு எழுதினார். 1814-இல் டசேர் என்பவர் சேன் கோபான் ஆலையின் சோடா உலையில் இதே போன்ற நீலப் பொருளைக் கண்டெடுத்தார். வேதியியலாளர் வோக்கலன் அதைச் சோதித்து அல்ட்ராமரைனை ஒத்தது என்றார். 1824-இல் பிரான்சின் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், கிலோவுக்கு 300 பிராங்குக்கு மிகாமல் செயற்கை அல்ட்ராமரைன் தயாரிப்பவருக்கு 6000 பிராங்குப் பரிசை அறிவித்தது. 1828-இல் ழான் பத்தீஸ்த் கீமே பரிசைப் பெற்றார். தன் முறையை அவர் வெளியிடவில்லை. அதே ஆண்டில் ட்யூபிங்கன் பேராசிரியர் கிறிஸ்டியான் குமெலின் தாம் கண்ட முறையை வெளியிட்டார். பொன் விலைக்கு விற்ற நீலம் சில பத்தாண்டுகளில் சலவைக்குப் போடும் நீலப் பொடியாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. இன்றும் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் இந்நிறமி தொழில் முறையில் தயாராகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பட்டியலை வைத்துக்கொண்டே 22 ஆண்டுகளில் பொருளைச் செய்து காட்டிவிட்டார்களே, இயைபை அறிந்தது போதவில்லை என்று எப்படிச் சொல்வது? பட்டியல் இல்லாமல் கீமேயும் குமெலினும் தொடங்கியிருக்க முடியாது என்பது சரிதான். ஆனால் உலையில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் மறுப்பு வலுவிழக்கிறது. களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைக் கலந்து காற்றுப் புகாமல் 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் முதலில் கிடைப்பது நீலம் அன்று; பச்சை. பிறகு வெப்பத்தைக் குறைத்துக் காற்றை அளவாக விடும்போதுதான் நீலம் தோன்றுகிறது. மேலும் வினைப்படுத்தினால் ஊதாவும் இளஞ்சிவப்பும் கிடைக்கின்றன. தனிமங்களின் விகிதம் பெரிதாக மாறாமலேயே நிறம் இத்தனை வகையாக மாறுகிறது. அரிசியும் உளுந்தும் என்று எழுதிய பட்டியலைப் பார்த்து, தட்டில் இருப்பது இட்லியா தோசையா என்று சொல்ல முடியாது. உலைக்காரர்கள் பக்குவத்தைப் பட்டறிவால் பிடித்தார்கள். அந்தப் பக்குவத்தில் கந்தகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்களால் சொல்ல முடியவில்லை. 1890-ஐ ஒட்டி புரோகரும் பெக்ஸ்ட்ரோமும் லாசுரைட்டைச் சோடலைட் குடும்பத்தில் சேர்த்து ஒரு வாய்பாடு தந்தது பெரிய முன்னேற்றம். ஆயினும் வாய்பாட்டுக்குள் கந்தகம் எந்த வடிவில் இருக்கிறது என்பது ஊகமாகவே நின்றது.

கூண்டும் கந்தகமும்

எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வந்த பின் கேள்வியே மாறியது. 1929-இல் யேகர் அல்ட்ராமரைனின் கட்டமைப்பை ஆராய்ந்தார். 1930-இல் லைனஸ் பாலிங் சோடலைட்டின் கட்டமைப்பை விளக்கினார். சிலிக்கான், அலுமினியம் அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஆக்சிஜன் வழியாக இணைந்து, 24 மூலைகள் கொண்ட கூண்டுகளாக அமைகின்றன. அலுமினியம் இடம்பெறும் ஒவ்வோர் இடத்திலும் சட்டகத்துக்கு ஓர் எதிர்மின்சுமை சேர்கிறது. அதை ஈடுசெய்யச் சோடியம், கால்சியம் அயனிகள் கூண்டுக்குள் நிற்கின்றன. அவற்றின் நடுவே ஓர் எதிரயனி அமர்கிறது. சோடலைட்டில் அது குளோரைடு, ஹாயினில் சல்பேட், லாசுரைட்டில் சல்பேட்டோடு கந்தகத்தின் வேறு வடிவங்களும் சேர்கின்றன. சட்டகத்துக்கு நிறமில்லை. ஆகவே நிறத்தின் காரணத்தைக் கூண்டுக்குள் தேட வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆனால் எக்ஸ்-கதிர் முறை கோடானுகோடிக் கூண்டுகளின் சராசரியைத்தான் காட்டும். கூண்டுகளில் ஒரு சிறு பங்கில் மட்டும் இருக்கும் பொருளை அதனால் தனியே இனங்காண முடியாது.

அந்த வேலையைச் செய்தவை எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு முறையும் ராமன் நிறமாலையியலும். 1928-இல் கொல்கத்தாவில் சி. வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல், லேசர் வந்த பின் கனிமவியலின் கூர்மையான கருவியாயிற்று. 1960-களின் இறுதியிலிருந்து 1970-கள் வரை பல ஆய்வுக் குழுக்கள் தந்த சான்றுகள் ஒரே முடிவை நோக்கிக் குவிந்தன. நீலத்துக்குக் காரணம், மூன்று கந்தக அணுக்கள் ஓர் எதிர்மின்சுமையோடும் இணைசேராத ஓர் எலக்ட்ரானோடும் அமைந்த அயனி. அது 600 நானோமீட்டரை ஒட்டிய ஆரஞ்சு ஒளியை உறிஞ்சுகிறது. எஞ்சிய ஒளி நீலமாகத் தெரிகிறது. ராமன் நிறமாலையில் இதன் கோடு அலை எண் 548-ஐ ஒட்டி வலுவாக எழுகிறது. அலை எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை. இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட இணை அயனி 400 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சி மஞ்சள் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது பச்சை தெரிகிறது. உலையில் முதலில் வந்த பச்சைக்கு இதுவே விளக்கம்.

இந்த அயனி திறந்த காற்றில் நிலைக்காது. கூண்டுதான் அதைக் காக்கிறது. அல்ட்ராமரைன் பொடியில் ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நீலம் வெளுத்து மறையும். அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும். அமிலம் கூண்டை உடைக்கிறது. கூண்டு உடைந்ததும் நிறம் அழிகிறது. கந்தகம் என்று 1806-இல் எழுதப்பட்ட 3.1 விழுக்காட்டுக்கு இப்போதுதான் முழுப் பொருள் கிடைத்தது.

அகச்சிவப்பு காட்டிய நிறமற்றவை

1905 முதல் வில்லியம் கோப்லென்ஸ் கனிமங்கள் உட்பட ஏராளமான பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை அளந்து வெளியிட்டார். இம்முறையின் அடிப்படை எளிது. அணுப் பிணைப்புகள் அதிரும்போது மின்சுமைப் பங்கீடு மாறினால் அவ்வதிர்வு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். லாசுரைட்டின் நிறமாலையை எடுத்துப் பார்த்தால், அலை எண் 1000-ஐ ஒட்டி ஆழமான, அகன்ற பள்ளம் ஒன்று தெரியும். அது சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு கொண்ட பிணைப்புகள் நீண்டு சுருங்குவதால் வருவது. 700-க்குக் கீழே சட்டக அதிர்வுகளின் சிறு பட்டைகளும், 450-ஐ ஒட்டி வளைவு அதிர்வும் உண்டு. 1100-க்கு மேல் அகன்ற பள்ளத்தின் தோளில் சல்பேட்டின் சுவடு ஒட்டிக் கொண்டிருக்கும். நீலம் தரும் கந்தக அயனி இவற்றினிடையே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எனவே நிறத்தை விளக்கும் போட்டியில் அகச்சிவப்பு முறை பின்தங்கியது வியப்பன்று.

ஆனால் அந்தப் பட்டைகளைத் தாண்டி, 2000-க்கு மேல், எதுவும் இருக்கத் தேவையில்லாத வெற்று வெளியில், 2340-இல் ஊசி போல ஒரு மெல்லிய பட்டை நிற்கிறது. இயற்கை லேபிஸ் லசூலியின் பல மாதிரிகளில் தெரிந்த இப்பட்டையை ஓவியப் பாதுகாப்பு வேதியியலாளர்கள் 1990-களிலேயே குறித்தனர். செயற்கை அல்ட்ராமரைனில் அது காணப்படவில்லை. 2008-இல் கோஸ்டான்சா மிலியானியும் உடன் ஆய்வாளர்களும், கூண்டுக்குள் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் அதிர்வே இது என்று விளக்கினர். 2009-இல் கிரிகரி ஸ்மித்தும் ரிக் கிளின்ஷாவும் இதைக் கல்லின் பிறப்பிடத்தைக் கண்டறியப் பயன்படுத்த இயலும் என்று முன்வைத்தனர். ராமன் முறைக்கு இந்த அதிர்வு எட்டாது. நேர்கோட்டில் சமச்சீராக அமைந்த இம்மூலக்கூறின் சீரற்ற நீட்சி அதிர்வு அகச்சிவப்பில் மிக வலுவாகத் தெரியும். ராமன் சிதறலில் தெரியாது. நீலத்தை ராமன் முறை பார்க்கிறது. நீலத்தோடு சிறைப்பட்ட வாயுவை அகச்சிவப்பு முறை பார்க்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பு, சென்னினியின் பிசைதலை நினைத்துப் பார்த்தால் முழுமையாக விளங்கும். இயற்கை நிறமியையும் செயற்கை நிறமியையும் பிரித்தறிய, லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் ஜாய்ஸ் பிளெஸ்டர்ஸ் 1966-இல் தொகுத்தளித்த முறைகளில் நுண்ணோக்கிக்கு முக்கிய இடம் உண்டு. இயற்கைத் துகள்கள் ஒழுங்கற்றவை, கூர் முனையுடையவை. உடன் கால்சைட், பைரைட் துணுக்குகள் இருக்கும். செயற்கைத் துகள்கள் நுண்மையானவை, ஏறக்குறைய ஒரே அளவினவை. ஆனால் உடனிருக்கும் துணுக்குகள் படிகத்துக்கு வெளியே இருப்பவை. நன்கு பிழிந்தெடுத்த உயர்தர நிறமியில் அவை பெரும்பாலும் நீங்கிவிடும். கூண்டுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அப்படி நீங்காது. கூண்டின் வாசல் அம்மூலக்கூறை விடக் குறுகலானது. பிசைந்தாலும் காரநீரில் கழுவினாலும் நீலத் துகள் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: காற்றிலேயே கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, கருவிக்குள் இருக்கும் காற்று தரும் பட்டையைக் கல்லின் பட்டை என்று மயங்கலாமே? மயக்கத்துக்கு இடம் உண்டு; இரண்டும் அருகருகே விழுகின்றன. ஆனால் தடையின்றிச் சுழலும் வாயு மூலக்கூறு 2349-ஐ நடுவாகக் கொண்டு இரு கிளைகளாகப் பிரிந்த அகன்ற பட்டையைத் தருகிறது. கூண்டில் அடைபட்ட மூலக்கூறு தாராளமாகச் சுழல முடியாததால் 2340-இல் ஒற்றைக் கூர்முனையாக நிற்கிறது. வடிவமே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. உடன் இருக்கும் கால்சைட்டிலிருந்து இது வருமா என்று கேட்டால், கார்பனேட் அயனியின் பட்டைகள் 1400-ஐ ஒட்டியும் 870-ஐ ஒட்டியும் விழுவன. 2340-இல் கூரிய பட்டைக்கு அங்கே இடமில்லை.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது: எல்லா இயற்கைக் கல்லிலும் இப்பட்டை ஒரே வலுவில் இருப்பதில்லை, அப்படியானால் இது எப்படிச் சான்றாகும்? இங்கே சான்றின் திசையைக் கவனிக்க வேண்டும். பட்டை இருந்தால் நிறமி இயற்கையானது என்பதற்கு அது வலுவான சான்று. பட்டை இல்லாவிட்டால் எதையும் முடிவு செய்ய இயலாது. துகளின் வடிவத்தையும் உடன் கிடக்கும் கனிமங்களையும் வைத்தே மேலே செல்ல வேண்டும். ஒருபக்கச் சான்று என்பதால் அது பயனற்றதாகிவிடாது. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும். மேலும், கல்லுக்குக் கல் பட்டையின் வலு வேறுபடுவதே மூன்றாம் கேள்விக்குக் கதவு திறக்கிறது. சாரே சங்கின் லாசுரைட் உருமாறிய பளிங்குப் பாறைகளுக்குள் பிறந்தது. கார்பனேட் பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. வளரும் படிகம் அதைக் கூண்டுக்குள் பூட்டிக்கொள்கிறது. உலையிலும் சோடா சிதைந்து அதே வாயு வெளிவருகிறது. ஆனால் நிலத்தடி அழுத்தம் அங்கே இல்லை. அடைபட்ட வாயு, படிகம் பிறந்த சூழலின் பதிவு என்று கொள்ள இதுவே அடிப்படை.

மூன்றாம் மறுப்பு: கூண்டில் தற்செயலாகச் சிக்கிய வாயுவைக் கனிமத்தின் இயைபு என்று சொல்லலாமா? ரஷ்யாவின் பைக்கால் ஏரிப் பகுதியில் கிடைக்கும் சோடலைட் குடும்பக் கனிமங்களை நிகிதா சுகானோவ் முதலிய ஆய்வாளர்கள் அகச்சிவப்பு, ராமன் முறைகளை இணைத்து ஆராய்ந்ததில் இதற்கு விடை கிடைத்திருக்கிறது. அங்கு அண்மையில் புதிய கனிமமாக ஏற்கப்பட்ட ஸ்லுட்யங்கைட்டின் வாய்பாட்டிலேயே சல்பேட், ஆறு கந்தக அணுக்கள் கொண்ட மூலக்கூறு, நீர் ஆகியவற்றோடு கார்பன் டை ஆக்சைடும் இடம்பெறுகிறது. வாய்பாட்டில் ஏறிய பின் அதை அழுக்கு என்று ஒதுக்க முடியாது. கூண்டில் இருப்பவற்றுள் எது முக்கியம், எது தற்செயல் என்று கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்து நாம் வகுத்த பாகுபாடு, கனிமத்தின் பாகுபாடு அன்று.

முடிவுரை

லாசுரைட்டின் இயைபை ஆராய்ந்த வரலாறு, துல்லியம் கூடிக்கொண்டே போன நேர்கோட்டு வரலாறாகத் தெரியவில்லை. 1806-இன் பட்டியல் துல்லியமானதே. அதன் குறை, கேட்ட கேள்வியில் இருந்தது. எக்ஸ்-கதிர் கூண்டைக் காட்டியது; ராமன் முறை கூண்டில் இருக்கும் நீலத்தைக் காட்டியது; அகச்சிவப்பு முறை நீலத்தால் மறைக்கப்பட்ட நிறமற்றவற்றைக் காட்டியது. மூன்றும் சேர்ந்தால்தான் இயைபு என்ற சொல் முழுமை பெறுகிறது.

இம்முடிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. ஓர் ஓவியத்தின் நீலம் அல்ட்ராமரைன் என்று பெயரிட்டுவிட்டு அருங்காட்சியகங்கள் நின்றுவிட்டால், பாதி வேலையே முடிந்ததாகும். 1828-க்கு முன்னும் பின்னும் இந்தியாவில் தீட்டப்பட்ட ஓவியங்களில் இயற்கை நீலம் எது, உலை நீலம் எது, பிற்காலப் பூச்சு எது என்று பிரித்தறிய வேண்டிய தேவை பெரிது. ஓவியத்தைத் தொடாமலேயே அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் கையடக்கக் கருவிகள் இன்று இருக்கின்றன. நீல நிறமியைச் சோதிக்கும் ஒவ்வொருவரும் 2000-க்குக் கீழே அளவீட்டை நிறுத்திவிடாமல் 2340 வரை சென்று பார்க்க வேண்டும். அங்கே பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு நிறமாலையையும் பதிவு செய்து பொதுவில் வைக்க வேண்டும்.